சூப்பர்சார்ஜரா, டர்போவா? சின்ன கார்ல "பிக்கப்" தேடுறவங்க போட வேண்டிய கணக்கு



கார் லோன் வீடியோ போட்ட பிறகு வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் எனக்குத் தனியா நின்னுச்சு. அப்படியே தர்றேன்:

"அண்ணா, என்கிட்ட 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக் இருக்கு. வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. நாலு பேர் ஏறிட்டா பிக்கப் சுத்தமா இல்ல. சூப்பர்சார்ஜர் கிட் போடலாமா, டர்போ கிட் போடலாமா? பட்ஜெட் 3 லட்சம். பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா இருக்கு."

கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்துச்சு. பேங்க் ஆப்ல பச்சை கலர்ல ஒரு பட்டன் மின்னிக்கிட்டே இருக்கும். அதை அழுத்தாம இருக்கிறதுக்கே தனி மனசு வேணும். கோயம்புத்தூர்ல என் சித்தப்பா பையன் அதை அழுத்துனான். அவன் கதையைப் பின்னாடி சொல்றேன், முதல்ல கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லிடுவோம்.

ரெண்டும் செய்யுற வேலை ஒண்ணுதான்

எஞ்சின்ல பெட்ரோல் எரியணும்னா காத்து வேணும். ஒரு கிலோ பெட்ரோல் சரியா எரிய சுமார் 14.7 கிலோ காத்து தேவை. சாதாரண எஞ்சின் தானா எவ்வளவு காத்தை உறிஞ்சுதோ அவ்வளவுதான் அதுக்குக் கிடைக்கும். அதிகமா காத்தைத் திணிச்சா அதிகமா பெட்ரோல் ஊத்தலாம், அதிகமா சக்தி வரும். சூப்பர்சார்ஜரும் டர்போவும் இந்தத் திணிக்கிற வேலையைத்தான் செய்யுது. அந்த வேலைக்கான சக்தியை எங்கிருந்து எடுக்குதுங்கிறதுலதான் வித்தியாசம்.

சூப்பர்சார்ஜர் எஞ்சினோட கிராங்க்ல இருந்து ஒரு பெல்ட் வழியா சுத்தும். எஞ்சின் சுத்துனா அதுவும் சுத்தும். அதனால கால் வச்ச உடனே இழுக்கும், காத்திருக்க வேண்டாம். ஆனா அதைச் சுத்த வைக்கிற சக்தி எஞ்சின் கிட்ட இருந்துதான் போகுது. அதாவது, சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடித்தம் போற மாதிரி. ஒரு சின்ன எஞ்சினுக்கு இந்தப் பிடித்தம் மைலேஜ்ல நல்லாவே தெரியும்.

டர்போ வீணா வெளிய போற புகையைப் பிடிச்சுக்குது. சைலன்சர் பக்கம் வேகமா ஓடுற சூடான எக்ஸாஸ்ட் ஒரு சின்ன டர்பைனைச் சுத்தும். அதே தண்டுல மறுமுனையில இருக்கிற சக்கரம் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். சின்ன கார் டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரைக்கும் போகும்! அந்த வேகத்துல அது தாங்கி நிக்கிறது மெல்லிசான எஞ்சின் ஆயில் படலத்து மேலதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி செலவுக் கணக்குல வரும். குறை என்னன்னா, போதுமான எக்ஸாஸ்ட் வந்தாத்தான் டர்போ முழிக்கும். அதுவரைக்கும் அது ஒரு சாதாரண, கொஞ்சம் மந்தமான எஞ்சின்தான். இதைத்தான் டர்போ லேக்னு சொல்றாங்க.

மலைக்குப் போனா இன்னொரு வித்தியாசம் தெரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்க காத்தோட அடர்த்தி கீழ இருக்கிறதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். சூப்பர்சார்ஜர் எஞ்சினோட ஒரே விகிதத்துல கட்டிப்போட்டு சுத்துறதால அதுவும் கொஞ்சம் தளர்ந்துடும். டர்போவுக்கு அந்தக் கட்டு இல்ல, இன்னும் வேகமா சுத்தி இழப்புல பெரும்பகுதியை ஈடு கட்டிடும். மேட்டுப்பாளையம் தாண்டி கொண்டை ஊசி வளைவுல டர்போ கார் ஓட்டிப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

சூப்பர்சார்ஜரைத் தொழிற்சாலைகளே ஏன் கைவிட்டாங்க?

சின்ன கார்ல சூப்பர்சார்ஜர் வச்சு கம்பெனிகள் விக்காம இல்ல. 2000-களின் ஆரம்பத்துல வந்த மினி கூப்பர் எஸ் 1.6 லிட்டர் எஞ்சின்ல சூப்பர்சார்ஜரோட 163 குதிரைத்திறன் கொடுத்துச்சு. அந்தச் சீறல் சத்தத்துக்காகவே இன்னிக்கும் அதைத் தேடி வாங்குறவங்க இருக்காங்க. 2006 கடைசியில அடுத்த தலைமுறை வந்தப்போ டர்போவுக்கு மாறிட்டாங்க. சக்தி 175 ஆச்சு, பெட்ரோல் செலவும் குறைஞ்சுச்சு. ஃபோக்ஸ்வாகன் 2005-ல கோல்ஃப்ல ரெண்டையுமே சேர்த்து வச்சாங்க. கீழ் வேகத்துக்கு சூப்பர்சார்ஜர், மேல் வேகத்துக்கு டர்போ, 1.4 லிட்டர்ல 170 பிஎஸ். கேக்க பிரமாதமா இருக்கும். ஆனா பாகங்கள் அதிகம், செலவு அதிகம், சிக்கலும் அதிகம். டர்போ தொழில்நுட்பம் முன்னேற முன்னேற அதையும் விட்டுட்டாங்க.

நமக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. நிஸான் 2011-ல ஐரோப்பாவுல மைக்ராவுக்கு 1.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின் கொடுத்தாங்க. 3 சிலிண்டர், 98 பிஎஸ். மெதுவா போறப்போ பெட்ரோல் மிச்சமாகட்டும்னு சூப்பர்சார்ஜரைக் கழட்டிவிட ஒரு கிளட்ச் கூட வச்சிருந்தாங்க. அந்தக் காலத்துல ஐரோப்பாவுக்கான மைக்ரா கப்பல் ஏறுனது நம்ம ஒரகடம் தொழிற்சாலையில இருந்துதான். ஆனா அந்த எஞ்சின் நம்ம ஷோரூமுக்கு வரவே இல்ல. 2020-ல அதே ஒரகடத்துல இருந்து மேக்னைட் வந்தப்போ அதுல இருந்தது 1.0 லிட்டர் டர்போ.

அதனால இந்தியாவுல புது சின்ன கார் வாங்குறவங்களுக்கு ஷோரூம்ல சூப்பர்சார்ஜர்ங்கிற தேர்வே கிடையாது. சூப்பர்சார்ஜர் வேணும்னா வெளியில கிட் வாங்கி மாட்டணும்.

சரி, மாட்டலாமா?

வெறும் மெக்கானிக்கலா மட்டும் பார்த்தா, சின்ன எஞ்சினுக்கு, குறைஞ்ச அழுத்தத்துல, ஊருக்குள்ள ஓட்ட சூப்பர்சார்ஜர் கிட்தான் ஓட்ட இனிமையா இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் கை வைக்க வேண்டாம், பானட்டுக்குள்ள சூடும் கம்மி. அதிலயும் ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ வகைதான் கீழ் வேகத்துல இழுக்கும். சென்ட்ரிஃபியூகல் வகைன்னு ஒண்ணு இருக்கு, அது எஞ்சின் வேகம் ஏற ஏறத்தான் வேலை செய்யும், நம்ம ட்ராஃபிக்ல காசு தண்டம். கொடுக்கிற காசுக்கு அதிக குதிரைத்திறன் வேணும்னா டர்போ கிட். கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் நேரடி பதில்.

ஆனா இந்த பதிலை நம்பி பச்சை பட்டனை அழுத்திடாதீங்க. உங்க 1.2 எஞ்சினைச் செஞ்சவங்க அதுக்குள்ள அமுக்குன காத்து வரும்னு நினைச்சுச் செய்யல. உதாரணத்துக்கு மாருதியோட 1.2 டூயல்ஜெட் எஞ்சினோட கம்ப்ரெஷன் விகிதம் 12:1. மைலேஜுக்காக அவ்வளவு இறுக்கமா வச்சிருக்காங்க. அதே மாருதி பலேனோ ஆர்எஸ்-க்கு டர்போ எஞ்சின் கொடுத்தப்போ அதை 10:1-ஆ தளர்த்திட்டாங்க. ஏற்கனவே 12 மடங்கு அமுக்குற சிலிண்டருக்குள்ள இன்னும் காத்தைத் திணிச்சா, ஸ்பார்க் பத்த வச்ச தீ முழுசா பரவுறதுக்கு முன்னாடியே மிச்சம் இருக்கிற பெட்ரோல் கலவை தானா வெடிக்கும். அதுதான் நாக்கிங். பிஸ்டன் தலையில யாரோ சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி.

அதைத் தவிர்க்க வேற பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், ஃப்யூவல் பம்ப், இன்டர்கூலர், இசியு ட்யூனிங், பலமான கிளட்ச்னு பட்டியல் நீளும். வேகம் கூடுனா பிரேக்கும் மாத்தணும். கிட் விலைன்னு சொல்றது கல்யாணத்துல மண்டப வாடகை மட்டும்தான். சாப்பாட்டுச் செலவு தனி.

இப்போ சித்தப்பா பையன் கதை

அப்போ அவனுக்கு மாசம் 48,000 கைக்கு வரும். கரி ஸ்பீட்வேயில ரேஸ் பார்த்துட்டு வந்ததுல இருந்து ஒரே ஆசை. 3 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம். இஎம்ஐ 10,253 ரூபாய். முடியறப்போ மொத்தம் 3.69 லட்சம் கட்டியிருப்பான். சூப்பர்சார்ஜர் கிட், ஃபிட்டிங், ட்யூனிங், கிளட்ச். பிஸ்டன் மாத்தல, "லோ பூஸ்ட்தான், தாங்கும்"னு சொல்லிட்டாங்க.

நாலு மாசம் ராஜா மாதிரி ஓட்டுனான். நானும் உக்காந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, சிக்னல்ல இருந்து கிளம்புறப்போ முதுகு சீட்டோட ஒட்டுச்சு. எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு.

அஞ்சாவது மாசம், ஏப்ரல் வெயில்ல, அவினாசி ரோட்டுல ஒரு நீளமான ஓட்டம். மூணாவது சிலிண்டர்ல பிஸ்டன் ஓட்டை விழுந்துடுச்சு. சர்வீஸ் சென்டர்ல பானட்டைத் திறந்தாங்க, புதுசா ஒரு புல்லி இருக்கிறதைப் பார்த்தாங்க, மூடிட்டாங்க. எஞ்சின் வாரண்டி அத்தோட காலி. இன்சூரன்ஸ் இருக்கேன்னு கேட்டான். சாதாரண மோட்டார் பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குக் கவரேஜே கிடையாது, கிட் மாட்டுனாலும் மாட்டாட்டியும். இது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

எஞ்சின் போன அன்னிக்கு மிச்சம் இருந்தது 31 இஎம்ஐ. 3.17 லட்சத்துக்கு மேல, ஓடாத கிட்டுக்கு. காரை ரிப்பேர் பண்ண சித்தி நகையை அடகு வச்சாங்க. வீட்டுல அதுக்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கிறதில்ல.

சட்டமும் பக்கத்துல இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்கள்ல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்புல இதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்னு வந்துடுச்சு. அபராதத்தை விட எனக்குப் பெரிய பயம் விபத்துதான். யாருக்காவது அடிபட்டு, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கிறப்போ, ஆர்சியில இல்லாத ஒரு சாமான் பானட்டுக்குள்ள இருந்தா? க்ளெய்மை மறுக்க ஒரு காரணத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

பந்தயத்துக்குன்னே தனியா ஒரு பழைய கார், அதை ட்ரெய்லர்ல ஏத்தி ட்ராக்குக்கு மட்டும் கொண்டு போறீங்கன்னா இது எதுவும் உங்களுக்கு இல்ல. ஆபீசுக்குப் போற ஒரே காருக்குத்தான் சொல்றேன்.

ஷோரூம் கணக்கு: 1.2-ஆ, 1.0 டர்போவா?

இதுதான் நம்மள்ல பெரும்பாலானவங்க நிஜத்துல எடுக்கப் போற முடிவு. முதல்ல காசு எதுக்குன்னு பாருங்க. மாருதி ஃப்ராங்க்ஸ்ல 1.2 சாதா எஞ்சின் 113 என்எம் இழுவை தரும், அதுவும் 4,400 ஆர்பிஎம்-ல. 1.0 டர்போ 147.6 என்எம், 2,000-லயே வந்துடும். முதல் தலைமுறை ஹூண்டாய் வென்யூவுல வித்தியாசம் இன்னும் பெருசு, 114-க்கு எதிரா 172 என்எம், அதுவும் 1,500 ஆர்பிஎம்-ல இருந்தே. "நாலு பேர் ஏறுனா இழுக்கல"ங்கிற புகாருக்கு மருந்து இந்த நம்பர்தான். குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

இப்போ செலவு. கணக்குக்காக ரெண்டு விலை எடுத்துக்குவோம். 1.2 எஞ்சின் கார் எக்ஸ்-ஷோரூம் 9.8 லட்சம். டர்போ 10.4 லட்சம். வித்தியாசம் வெறும் 60,000-தானேன்னு சேல்ஸ்மேன் சொல்வார். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல மாத்துன சாலை வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 லட்சத்தைத் தாண்டுனா 18%. தாண்டுன தொகைக்கு மட்டும் இல்ல, முழு விலைக்கும். வருமான வரி ஸ்லாப் மாதிரி இருக்கும்னு நினைச்சிடாதீங்க. 9.8 லட்சத்துக்கு வரி 1,27,400. 10.4 லட்சத்துக்கு 1,87,200. வரியில மட்டும் 59,800 கூடுது! 60,000 வித்தியாசம் ஆன்-ரோடுல கிட்டத்தட்ட 1.2 லட்சமா நிக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு டர்போ வேரியண்ட் கிடைச்சா, சன்ரூஃப் இல்லாட்டி பரவாயில்ல, அதை எடுங்க. பல மாடல்ல டர்போவை மேல் வேரியண்ட்ல மட்டும்தான் வைப்பாங்கங்கிறதும் உண்மை. வேணாத டச் ஸ்க்ரீனுக்கும் சேர்த்துக் காசு போகும்.

ஒரு சின்ன ஆறுதல் இன்சூரன்ஸ்ல இருக்கு. தேர்ட் பார்ட்டி பிரீமியம் பார்க்கிறது எஞ்சின் சிசியை, குதிரைத்திறனை இல்ல. 2022 ஜூன்ல நிர்ணயிச்ச கட்டணப்படி, புது காருக்கு 3 வருஷத்துக்குச் சேர்த்து 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய். 998 சிசி டர்போ கீழ் ஸ்லாப்லயும், சக்தி கம்மியான 1,197 சிசி மேல் ஸ்லாப்லயும் வரும். 4,119 ரூபாய் மிச்சம். ஜிஎஸ்டியில ரெண்டும் ஒண்ணுதான், 4 மீட்டருக்குள்ள, 1,200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18%.

1.2 லட்சத்தை அப்படியே லோன்ல சேர்த்தா, 9.5% வட்டி, 5 வருஷம்னா மாசம் 2,520 ரூபாய். அடுத்து பெட்ரோல். விளம்பரத்துல வர்ற ஏஆர்ஏஐ மைலேஜ்ல ஃப்ராங்க்ஸ் மேனுவலோட ரெண்டு எஞ்சினுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, 21.79-க்கு எதிரா 21.5. ஆனா நம்ம வலது கால் ஏஆர்ஏஐ-க்கு டெஸ்ட் கொடுக்கப் போகல. டர்போ ஒரு தடவை இழுத்துக் காட்டிட்டா திரும்பத் திரும்பக் கேக்கத் தோணும். ஊருக்குள்ள 1.2 எஞ்சின் 14, டர்போ 12 கொடுக்குதுன்னு வச்சுக்கோங்க. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுனா சுமார் 12 லிட்டர் அதிகம். லிட்டர் 100 ரூபாய்னு பார்த்தா 1,200 ரூபாய்.

ஆக மாசம் ஏறக்குறைய 3,700. இதை 5 வருஷம் எஸ்ஐபி-ல போட்டு, வருஷம் 12% கிடைச்சா 3 லட்சம் ஆகும். கிடைக்கும்ங்கிற உத்தரவாதம் கிடையாது. எதுக்கெடுத்தாலும் "இதை எஸ்ஐபி போட்டிருந்தா"ன்னு சொல்றது எனக்கே சலிச்சுப் போச்சு, ஆனாலும் நம்பர் தெரிஞ்சு செலவு பண்ணுறது நல்லது.

இதோட ஆயில் செலவு. 2 லட்சம் சுற்று போடுற தண்டைத் தாங்குறது ஆயில்தான்னு சொன்னேன்ல? டர்போ கார்ல கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன தேதியில மாத்தியே ஆகணும். "இன்னும் ரெண்டாயிரம் ஓட்டிட்டு மாத்திக்கலாம்"ங்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு டர்போ ஒத்து வராது. நெடுஞ்சாலையில வேகமா ஓட்டிட்டு வந்து நிறுத்துனா, அரை நிமிஷம் ஐடிலிங்ல விட்டுட்டு ஆஃப் பண்ணுங்க. புக் பண்றதுக்கு முன்னாடி டீலரோட பார்ட்ஸ் கவுண்டர்ல அந்த மாடல் டர்போ அசெம்ப்ளி விலை என்னன்னு ஒரு தடவை கேளுங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா வேண்டாமாங்கிற முடிவு உங்களுக்கு அங்கேயே வந்துடும்.

யாருக்கு எது?

வேளச்சேரியில வீடு, தரமணியில ஆபீஸ், ஞாயித்துக்கிழமை கோயில், மாசம் 500 கிலோமீட்டர் கூட ஓடாதுன்னா கண்ணை மூடிக்கிட்டு 1.2 வாங்குங்க. 1,500 ஆர்பிஎம்-ஐத் தாண்டவே விடாத ட்ராஃபிக்ல டர்போ தூங்கிக்கிட்டுதான் இருக்கும். தூங்குறதுக்கு மாசம் 3,000 கொடுக்க வேண்டாம்.

நான் டர்போதான் வச்சிருக்கேன், மறைக்கல. மாசம் ரெண்டு தடவை சென்னை டு கோவை, அப்பா அம்மா, மனைவி, பின்னாடி ஒரு அரிசி மூட்டை. ரெண்டு வழிச் சாலையில லாரியை ஓவர்டேக் பண்றப்போ எதிர்ப்பக்கம் எவ்வளவு நேரம் இருக்கோம்ங்கிறது எனக்கு 3,700-ஐ விடப் பெரிய விஷயம். கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடுன்னு அடிக்கடி ஏறுறவங்களுக்கும் இதேதான். ஆனா மொத்த கார் இஎம்ஐ கைக்கு வர்ற சம்பளத்துல 15%-ஐத் தாண்டுச்சுன்னா, எவ்வளவு மலை ஏறுனாலும் நான் 1.2-க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியா போகாதீங்க, வீட்டுல மூணு பேரைக் கூட்டிட்டுப் போங்க. ஏசியைப் போட்டுட்டு, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கி, ரெண்டாவது கியர்ல 20-ல இருந்து மிதிச்சுப் பாருங்க. ஒரு ஃப்ளைஓவர் ஏத்துங்க. அதே ரூட்ல அதே நாள் 1.2-ஐயும் ஓட்டுங்க. வித்தியாசம் தெரியலன்னா 1.2 லட்சம் மிச்சம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: ரெண்டு வருஷக் காரை இப்போ மாத்தாதீங்க. முதல்ல டயர்ல காத்து, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் நாலையும் பாருங்க. அப்புறம் மேட்டுல மூணாவது கியர்ல முனகிக்கிட்டு ஏறாம, ரெண்டாவதுக்கு இறக்கி 3,500 ஆர்பிஎம் வரைக்கும் விடுங்க. சாதா 1.2 எஞ்சினோட உயிர் மேல்தான் இருக்கு. எஞ்சின் கத்துதுன்னு பயப்படாதீங்க, அது கத்துறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. அந்த 10,253 ரூபாயை மூணு வருஷம் தனி அக்கவுண்ட்ல போட்டு வாங்க. வட்டி இல்லாமலே 3.69 லட்சம் சேரும். உங்க காரை வித்த காசோட அதைச் சேர்த்துக்கிட்டு ஷோரூமுக்குப் போறப்போ, டர்போ வேணுமா வேண்டாமான்னு லோன் ஆபீசரைக் கேக்காம நீங்களே முடிவு பண்ணலாம்.

சித்தப்பா பையனோட சூப்பர்சார்ஜர் இன்னும் அவங்க வீட்டுப் பரண்ல, பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல இருக்கு. யாராவது ட்ராக் கார் கட்டுறவங்க இருந்தா சொல்லுங்க, பாதி விலைக்குத் தர்றேங்கிறான்.